பழுது 'பார்த்தல்': தட்டைத்திரைத் தொலைக்காட்சிப் பெட்டியைக் குறித்து ஒரு வியாசம்

கெட்டுப்போன பொருளைச் சீராக்கும் தொழிலுக்குத் தமிழ்மக்கள் இட்டு வழங்கும் பெயர் பழுதுபார்த்தல் என்பதாம். பழுதுநீக்கல் என்றும் பழுதுதீர்த்தல் என்றும் சொல்லத் தடையில்லையாயினும், வழக்கிலே நிலைபெற்றது 'பார்த்தல்' என்னும் வினையே. வைத்தியர் நாடி பார்க்கின்றார். குடியானவர் மடை பார்க்கின்றார். பெரியோர் பெண் பார்க்கின்றனர். இவ்விடங்களிலெல்லாம் பார்த்தலாவது கண்ணாற் காண்டல் மாத்திரமன்று. ஒன்றன் உண்மைநிலையை ஆராய்ந்து துணிதலும், துணிந்தபின் செய்யத்தக்கதைச் செய்தலும் அதனுள் அடங்கும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் எதனை எடுத்தாலும் சொல்லாராய்ச்சியிற் கொண்டுபோய் முடிப்பர் என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பினும் நகைக்க. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுற்றவிடத்துப் பார்த்தல் முன்னும் தீர்த்தல் பின்னுமாக நடப்பின் குடும்பத்தின் பணமும் சிலபோது உயிரும் காக்கப்படும் என்பதும், பாராமலே தீர்ப்புக் கூறுவோர் பேச்சைக் கேட்பின் நல்ல பெட்டியும் குப்பைக்குப் போம் என்பதுமே யாம் ஈண்டுக் கூறப்புகுந்த பொருள்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது 1975-ஆம் ஆண்டில். தஞ்சை நாட்டுச் சிற்றூர்களுக்கு அதனாற் பயன் விளையப் பின்னும் பல்லாண்டு சென்றன. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், கடற்கரையோர ஊரார் சிலர் உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாவைக் கட்டி அக்கரைக் காட்சிகளைக் கண்டுகளித்தனர் என்று முதியோர் கூறக் கேட்டுள்ளோம். 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டி எளியோர் இல்லங்களிலும் புகுந்தது. அது பின்புறம் கூனல் விழுந்த கண்ணாடிக்குழாய்ப் பெட்டி. அதனைப் பழுதுபார்ப்பவர் கடைத்தெருவுக்கு ஒருவர் இருந்தார். பெட்டியை மேசைமேல் ஏற்றி, முதுகைத் திறந்து, ஈயப்பற்று வைத்து, அன்று மாலையே திருப்பித் தருவார். பின்னர் வந்த தட்டைத்திரைப் பெட்டிகளுக்கோ 'போர்டு போயிற்று', 'பேனல் போயிற்று' என்னும் இரண்டு விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. முன்னது பாதிச் செலவு. பின்னது முழுச் செலவு. குறுவை விதைப்புக்கும் சம்பா அறுவடைக்கும் இடையிலே கையிற் காசு புரளாத குடும்பங்களுக்கு இவ்விரு விடைகளின் வேற்றுமை சிறிதன்று.

பெட்டி எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓரளவேனும் அறிந்தாலன்றிப் பழுதைப் பார்த்தல் இயலாது. இயற்பியல் மாணவர் எம்மைப் பொறுத்தருள்க. யாம் அறிந்த அளவிற் கூறுவாம்.

1888-ஆம் ஆண்டில் பிரடெரிக் ரைனிட்ஸர் என்னும் ஆஸ்திரியத் தாவரநூற் புலவர், கேரட்டுக் கிழங்கினின்று பெற்ற கொலஸ்டிரால் சார்ந்த ஒரு பொருளைச் சூடேற்றியபோது, அஃது இருமுறை உருகக் கண்டார். 145.5 பாகையில் அது கலங்கல் நீராயிற்று, 178.5 பாகையிற் கலங்கல் நீங்கித் தெளிந்தது. திடமுமன்று, நீரோவெனின் முழுநீருமன்று. அவர் அதனை ஜெர்மானியப் பௌதிக அறிஞராகிய ஓட்டோ லேமன் என்பாருக்கு எழுத, அவர் ஆராய்ந்து இத்தகைய பொருள்களைப் படிகத்தன்மையுடைய திரவங்கள் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். எண்பது ஆண்டுகளுக்குப்பின், 1968-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஹைல்மையர் என்பாரும் அவர் கூட்டத்தாரும் இத்திரவப்படிகத்தாற் செய்த காட்சித்திரையை உலகுக்கு அறிவித்தனர். மெல்லிய இரு கண்ணாடித் தகடுகளின் இடையே இப்பொருள் அடைபட்டிருக்க, மின்னழுத்தம் மாறுந்தோறும் அதன் நுண்கூறுகள் திரும்பி, ஒளியை விடுவதும் தடுப்பதுமாக நிற்கும். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இத்திரை தானாக ஒளிர்வதன்று. பின்னேயிருந்து வரும் ஒளிக்குக் கதவாக நிற்பதே அதன் தொழில்.

இதனை விளக்கத் தோற்பாவைக்கூத்தைக் காட்டிலும் பொருத்தமான உவமை எமக்குத் தோன்றவில்லை. தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புடையதாகக் கூறப்படும் அக்கூத்தில், வெள்ளைத் துணிக்குப் பின்னே விளக்கு எரியும். விளக்குக்கும் துணிக்கும் நடுவே வண்ணந்தீட்டிய தோற்பாவைகள் ஆடும். பாவையாட்டி பேசுவார், பாடுவார். நடுக்கூத்தில் விளக்கு அவிந்தால் நிகழ்வது யாது? பாட்டு நிற்பதில்லை. பாவையும் அவர் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். காண்போர்க்கு மாத்திரம் ஒன்றும் தோன்றாது. தட்டைத்திரைப் பெட்டியில் 'ஒலி வருகின்றது, படம் வரவில்லை' என்னும் குற்றம் பெரும்பாலும் இத்தகையதே. பாவை இறந்துபடவில்லை, விளக்கே அவிந்தது.

இனிப் பார்க்கும் முறையைக் கூறுவாம். முதலில் பார்க்கவேண்டுவது பெட்டியை அன்று, சுவரை. அதே மின்துளையில் வேறொரு விளக்கையோ விசிறியையோ சொருகி மின்சாரம் வருகின்றதா என்று காண்க. பின் ரிமோட்டைச் சோதிக்க. அதன் கதிர் கண்ணுக்குப் புலனாகாதேனும், கைப்பேசியின் முன்பக்கக் காமிராவின் எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால் வெண்மை கலந்த ஊதாப் புள்ளியாய்த் தோன்றும். தோன்றாவிடில் மின்கலத்தை மாற்றவேண்டும். படம் மட்டும் வாராமல் 'சிக்னல் இல்லை' என்னும் எழுத்து வரின், குற்றம் செட்டாப் பெட்டியிலோ கேபிளிலோ இருத்தல் கூடும். அடுத்து, பெட்டியின் கீழ்விளிம்பில் எரியும் சிறு சிவப்பு விளக்கு. அது சிறிதும் எரியாவிடில் மின்வழங்கும் பலகையில் குற்றம் உண்டென்று ஐயுறலாம். எரிந்தும் பெட்டி விழிக்காவிடில், சொருகியைப் பிடுங்கிச் சில நிமிஷங்கள் விட்டு மீண்டும் சொருகிப் பார்க்க. உள்ளிருக்கும் கணிப்பொறி மயங்கி நின்றதாயின் இதனாலேயே தெளியும்.

ஒலி வந்து படம் வாராதபோது செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதற்குக் காசு செலவில்லை, திருப்புளியும் வேண்டா. இராக்காலத்தில் அறையின் விளக்குகளை அணைத்து, பெட்டியை இயக்கி, டார்ச்சு விளக்கைத் திரைக்கு மிக அருகிற் சாய்வாகப் பிடித்து உற்று நோக்குக. நிழல்போல் முகமோ எழுத்தோ மெல்ல அசையுமாயின், திரையும் தாய்ப்பலகையும் நலம். பின்விளக்கு அல்லது அதனை எரிக்கும் சுற்றே கெட்டது என்று துணியலாம். ஒன்றும் அசையவில்லையெனின் குற்றம் வேறிடத்ததாகலாம்.

எம் இல்லம் திருவையாற்றுக்கு அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. அங்குள்ள 32 அங்குலப் பெட்டி ஒரு வைகாசி மாதத்திற் கண்மூடியது. ஒலி மாத்திரம் தெளிவாக வந்தது. எம் பாட்டியார் முழங்கால் நோவினால் வெளியே செல்லவியலாதவர். மூன்று வாரம் நாடகங்களைக் காதாலேயே கேட்டு, 'இப்பொழுது அழுகிறவள் மூத்தவளா, இளையவளா?' என்று எம்மை வினவிக்கொண்டிருந்தார். எம் தந்தையார் பெட்டியை நகரத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். கடைக்காரர் பெட்டியைத் திறவாமலே, 'பேனல் போயிற்று, ஐயா. இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். தவணையும் உண்டு' என்றனர். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பார்கள் என்று நாற்றங்காலுக்கும் உழவுக்குமாக எடுத்துவைத்திருந்த தொகையைத் தவிர வீட்டில் வேறு பணம் இல்லை. தந்தையார் ஒன்றும் பேசாது பெட்டியைத் திருப்பிக் கொணர்ந்தார்.

அன்றிரவு டார்ச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, செய்தி வாசிப்பவரின் உருவமும் அவர் கீழே ஓடும் எழுத்தும் கரிய திரையில் மங்கலாய்த் தோன்றின. பாட்டியாரே முதலிற் கண்டு, 'அதோ போகிறது' என்றார்.

எம் தமையனார் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றவர். அவர் துணையின்றி யாம் இதனைத் தொட்டிரோம். படிக்கும் நண்பர்களும் அறிந்தார் ஒருவர் உடனிருந்தாலன்றித் தொடவேண்டா என்று கேட்டுக்கொள்கின்றோம். காரணம் கூறுவாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் எனினும், பெட்டியினுள்ளே அது நேர்மின்னாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகி, உருளைபோன்ற பெரிய மின்தேக்கியில் தங்கும். சொருகியைப் பிடுங்கிய பின்னும் அது சிலபொழுது அங்கேயே குடியிருக்கும். 'மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே' என்று விரலை வைப்பவரை அது விடாது. தமையனார் சொருகியைப் பிடுங்கி ஓரிரவு முழுதும் விட்டு, மறுநாள் மல்டிமீட்டரால் அளந்து, எஞ்சியது இல்லையென்று கண்டபின்னரே மேலே சென்றார். உத்தரவாதக் காலம் முடிந்தது என்பதையும் முன்னரே பார்த்துக்கொண்டோம். முடியாதிருப்பின் திருகாணியைத் தொடாமல் விற்ற நிறுவனத்தையே நாடுதல் தக்கது.

பாயின்மேற் பருத்திப் போர்வையை விரித்துப் பெட்டியைக் குப்புறக் கிடத்தி, முதுகுமூடியை எடுத்தோம். கழற்றிய திருகாணிகளை, எந்த இடத்தது எந்த ஆணி என்று குறித்த தாளின்மேல் வரிசையாக வைத்தோம். நீண்ட ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் முடுக்குதல் உள்ளே எதனையேனும் குத்திவிடும். மிகக் கடினமான பகுதி கண்ணாடித் திரையை எடுத்தலே. அது ஒரு முழத்துக்கு மேற்பட்ட அகலமுடையது. கனமோ இரண்டு மில்லிமீட்டர்க்கும் குறைவு. விளிம்பில் நாடாபோன்ற மெல்லிய இணைப்புகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று மடங்கினாலும் திரை பயனற்றதாம். இருவர் இருபுறமும் நின்று, ஒருவர் சொல்ல இருவரும் ஒருசேரத் தூக்கினோம். அப்போழ்து விசிறியை நிறுத்தி, நாயைக் கட்டி, தம்பியை வெளியே அனுப்பியிருந்தோம்.

கண்ணாடிக்குக் கீழே ஒளியைப் பரப்பும் வெண்தாள்கள். அவற்றின் கீழே பால்வண்ணத் தகடு. எல்லாவற்றிற்கும் அடியில் தகரத்தின்மேல் ஒட்டிய இரண்டு விளக்குப் பட்டைகள். பட்டைக்கு ஆறாகப் பன்னிரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றின் மேலும் சிறு குமிழ்க்கண்ணாடி. பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே தொடரில் இணைந்தவை. வயலுக்கு வயல் நீர் பாயும் ஊர்களில் இதனை எளிதில் உணரலாம். நடுவே ஒரு வரப்பின் வாய் அடைபட்டால் அதற்குக் கீழ் வயல்கள் காயும். மின்தொடரிலோ அதனினும் கொடுமை: நடுவே ஒன்று அறுந்தால் தலைமடையும் உடன் காயும். ஆகவே ஒரு விளக்கு இறப்பின் பன்னிரண்டும் அவியும். திரை முழுதும் இருளும். காண்போர் 'பேனல் போயிற்று' என்பர். தமையனாரின் நண்பர் ஒருவர் தந்த சோதனைக்கருவியால் ஒவ்வொன்றாகத் தொட்டோம். பதினொன்று எரிந்தன. மேற்பட்டையின் நான்காவது விளக்கு எரியவில்லை. அதன் மஞ்சள் முகத்தில் மிளகளவும் இல்லாத ஒரு கரும்புள்ளி இருந்தது.

அவ்வொன்றை மாத்திரம் மாற்றுவார் உளர். யாம் இரு பட்டைகளையும் மாற்றினோம். பழைய பதினொன்றும் அதே சூட்டில் அத்தனை காலம் எரிந்தவை ஆதலின், அவற்றில் அடுத்தது என்று அவியும் என்று யாரறிவார்? கண்ணாடியை இன்னொரு முறை தூக்கும் துணிவும் எமக்கு இல்லை. பட்டையின்மேல் அச்சிட்ட எண், விளக்குகளின் தொகை, வோல்ட், நீளம் ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். புதுப்பட்டைகளுக்கு ஆன செலவு சில நூறு ரூபாயே. பெட்டியைப் பூட்டி இயக்கியபின், 'பின்விளக்கு' என்னும் அளவு தொழிற்சாலையில் நூறாக வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு ஐம்பதாகக் குறைத்தோம். விளக்கின் சூடு குறையும்; ஆயுள் நீளும். பெட்டி கெடாதிருக்கும்போதே எல்லாரும் செய்யத்தக்க பழுதுபார்ப்பு இஃதொன்றே எனலாம்.

இக்கதையைக் கேட்டு எல்லாப் பழுதும் இவ்வாறே தீருமென்று கொள்ளற்க. பந்து பட்டோ விழுந்தோ கண்ணாடி விண்டு, கரிய மைபோலப் பரவி, கோடுகள் சிதறினால் அங்கே பேனல் உண்மையாகவே போயிற்று. அதனை ஒட்டும் பசையோ மருந்தோ இல்லை. புதுப்பேனலின் விலை பெட்டியின் விலையைப் பெரும்பாலும் நெருங்கும். திரையில் மேலிருந்து கீழாக அசையாத கோடு விழுதலும், ஒருபாதி வெளுத்தலும், விளிம்பு நாடாவின் இணைப்புக் குற்றங்களாதல் மிகுதி. அவை வீட்டில் தீர்வன அல்ல. நம் விடுதிப் பொதுவறையிற் கோடு விழுந்த பெட்டியைப் பக்கவாட்டில் அறைந்து திருத்த முயலும் நண்பர்கள் இதனைக் கருதுவாராக. பியூஸ் எரிந்தவிடத்து அதற்குப் பதிலாகச் செப்புக்கம்பியை முறுக்கி வைத்தல் சிலர் வழக்கம். பியூஸ் இறந்தது பலகையைக் காப்பதற்காக. அதன் இடத்தில் இறவாத கம்பியை வைத்தால் அடுத்து எரிவது பலகையும், வீடுமாம்.

நம் நாட்டுப் பெட்டிகளுக்கு வரும் கேடுகளிற் பல நம் நாட்டுக்கே உரியன. போகிக்கு முதனாள் வீடு துடைக்கையில் திரையின்மேல் நீரைத் தெளித்துத் துடைப்பர். நீர் வழிந்து கீழ்விளிம்பிற் புகுந்து முற்கூறிய நாடாவை அரித்துவிடும். துணியைப் பிழிந்து, ஈரம் மாத்திரம் பட, மின்சாரத்தை நிறுத்தித் துடைத்தல் வேண்டும். பல்லிக்கு மின்வழங்கும் பலகையின் வெதுவெதுப்பு இனிது; இரு கம்பிகளுக்கு நடுவே அது படுப்பின் தானும் கரிந்து பலகையையும் கரிக்கும். அறுவடையின்போது பறக்கும் நெற்றூசி காற்றுத்துளைகளை அடைக்கும். நாகப்பட்டினம் வேதாரணியப் பக்கங்களிலோ உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, கூரை இழந்த வீடுகளில் எத்தனையோ பெட்டிகள் நனைந்தன. நனைந்த பெட்டியை நன்றாய் உலருமுன் இயக்குதல் அதனைக் கொல்லுதலேயாம்.

மின்னலுக்கு அஞ்சி மின்சொருகியைப் பிடுங்குவோர் கேபிளைப் பிடுங்க மறத்தலும் உண்டு. இடி அவ்வழியும் வரும். இன்னொன்று, தெருவில் 'நியூட்ரல்' என்னும் நடுக்கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு அதனினும் மிக்க அழுத்தம், 400 வோல்ட்டை நெருங்கியும், வரக்கூடும். சில வீடுகளில் விளக்கு மங்கியும் சில வீடுகளிற் கண்கூச எரிந்தும் தோன்றின் உடனே பிரதான சுவிட்சை நிறுத்துக.

எம் தந்தையாரிடம் கடைக்காரர் கூறியது பொய்யென்று யாம் கூறவில்லை. அவர் பாராமற் கூறினார் என்பதே எம் குறை. நிறுவனங்கள் சுற்றுப்படத்தையும் உதிரிப்பாகத்தையும் வெளிவிடாதபோது, கடைத்தெருப் பணியாளர் எதனைக் கொண்டு பார்ப்பர் என்னும் வினாவும் நியாயமானதே. பிரான்சு தேசத்தில் 2021 ஜனவரி முதல், தொலைக்காட்சிப் பெட்டி உள்ளிட்ட சில பொருள்களுக்கு, எத்துணை எளிதிற் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு விற்கவேண்டும் எனச் சட்டம் வந்தது. நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையிற் குழு ஒன்றை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. வீட்டுச் சாதனங்களோடு வேளாண் கருவிகளும் அதில் இடம்பெற்றன. கடைக்குச் செல்வோர், 'எந்தப் பாகம் போயிற்று? எமக்குக் காட்டுக' என்று கேட்டல் தவறன்று. நல்ல பணியாளர் மகிழ்ந்து காட்டுவர்.

தீராத பெட்டியை என் செய்வது? வாய்க்காற் கரையிலே முட்புதரில் எறியப்பட்ட பழைய வண்ணப் பெட்டிகளை யாம் கண்டதுண்டு. அவற்றின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கின்றது. முற்காலத்துத் தட்டைத்திரைப் பெட்டிகளில் எல்.இ.டி.க்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன; அவற்றினுள் பாதரசம் உண்டு; உடைத்தலாகாது. மின்னணுக்கழிவைக் குறித்த 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேரவேண்டும். ஆனால் திரை மாத்திரம் உடைந்த பெட்டியைக் கழிவாக எண்ணுமுன், அதன் மின்வழங்கும் பலகை, தாய்ப்பலகை, ஒலிபெருக்கி, விளக்குப் பட்டை ஆகியவை நலமாயிருத்தல் கூடும் என்பதை நினைக்க. பலகைகளின்மேல் அச்சிட்ட எண்களைக் குறித்துக்கொண்டு கடைத்தெருப் பணியாளரிடம் காட்டினால், அதே எண்ணுள்ள பலகைக்காகக் காத்திருக்கும் வேறொரு வீட்டின் பெட்டிக்கு அவர் அதனைப் பூட்டுவார். உமக்கும் ஒரு சிறு தொகை கிடைக்கும்.